பின்பக்கத்து நியாயம்

எந்தத் தொழிற்சாலையின் கன்ட்ரோல் ரூமுக்குப் போனாலும் விருந்தாளிக்கு முன்பக்கத்தைத்தான் காட்டுவார்கள். வரிசையாகப் பச்சை விளக்குகள், ஓடும் எண்கள், ஏ.சி.யின் மெல்லிய உறுமல், மேனேஜரின் பெருமிதம். அந்தப் பெட்டிகளுக்கு ஒரு பின்பக்கம் உண்டு. விருந்தாளி அங்கே போவதில்லை. மேனேஜரே போய்ப் பல வருஷம் ஆகியிருக்கும். கதவைத் திறந்தால் நூற்றுக்கணக்கில் ஒயர்கள், ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சின்ன நம்பர் வளையம், வரிசை வரிசையாகத் திருகாணிகள். கல்யாண வீட்டில் மேடையைப் பார்த்துவிட்டுச் சமையல்கட்டுக்குள் எட்டிப் பார்த்த மாதிரி இருக்கும். உண்மையில் கல்யாணம் நடப்பதே அங்கேதான்.

இந்த வாரம் அந்தப் பின்பக்கத்தைப் பற்றி. ஒயரில் என்னய்யா தர்ம நியாயம் என்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நோணாங்குப்பம் என்றால் புதுச்சேரிக்கு வந்துபோகிறவர்களுக்குப் படகுத்துறை மட்டும்தான் தெரியும். கடலூர் ரோட்டில் சுண்ணாம்பாறு ஓரமாக டிக்கெட் வாங்கி, படகேறி, கடலோர மணலில் இறங்கி, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். ஊருக்குள் போகிறவர் குறைவு. அங்கே எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். முப்பது வருஷத்துக்கு மேல் பல ஊர் ஆலைகளில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். "என் பேரும் வேணாம், கம்பெனி பேரும் வேணாம் சார்" என்ற நிபந்தனையோடுதான் பேசினார். சர்வீஸ் முழுக்க அவர் நின்றது பெட்டிகளின் பின்னால். "முன்னாடி உக்காந்தவங்களுக்குச் சம்பளம் ஜாஸ்தி. எங்களுக்குக் கொசுக்கடி ஜாஸ்தி" என்றார்.

டர்பைன், கம்ப்ரஸர் போன்ற பெரிய சுழலும் எந்திரங்களுக்கு எப்படிக் காவல் வைப்பது என்பது பழைய பிரச்னை. சத்தம்தான் முதல் காவல்காரன். எஞ்சின் சத்தம் லேசாக மாறினாலே படகுக்காரர் திரும்பிப் பார்ப்பார். 2020ல் மூடப்பட்ட ஏ.எஃப்.டி. மாதிரியான பஞ்சாலைகளின் காலத்தில் ஃபிட்டர்கள் ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை பேரிங் மீதும் மறுமுனையைக் காதோரமும் வைத்துக் கேட்டு, "இன்னும் பத்து நாள் தாங்கும்" என்று ஜோசியம் சொல்வார்கள். பெரும்பாலும் பலிக்கும். ஆனால் நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்றும், பல டன் எடையுள்ள ஒரு தண்டுக்குப் பக்கத்தில் ராப்பகலாகக் காதை வைத்துக்கொண்டு யார் நிற்பது?

டான் பென்ட்லி என்கிற அமெரிக்கர் 1950களில் பெர்க்லியில் தன் கார் ஷெட்டில் தொடங்கிய வியாபாரம் இதற்கு ஒரு வழி சொன்னது. பேனா தடிமனில் ஒரு உணரி. நுனியில் கம்பிச் சுருள். அது தண்டைத் தொடாது. ஏறக்குறைய ஒன்றேகால் மில்லிமீட்டர் தள்ளி நின்றுகொண்டு, 'தண்டு இப்போது இவ்வளவு தூரத்தில் இருக்கிறது' என்பதை வோல்டேஜாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். தண்டு ஒரு மைக்ரான் நகர்ந்தால் சுமார் எட்டு மில்லிவோல்ட் மாறும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று. தலைமுடியின் தடிமனே அறுபது எழுபது மைக்ரான் இருக்கும். பென்ட்லி 1961ல் நெவாடா மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தார், கம்பெனிக்கு பென்ட்லி நெவாடா என்று பெயர். 1976ல் அமெரிக்க பெட்ரோலியக் கழகம் இந்தச் சமாச்சாரங்களுக்கு 670 என்ற எண்ணில் ஒரு தரவிதியே போட்டது. அதற்குப் பிறகு உலகத்தில் எந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குப் போனாலும் பின்பக்கத்தில் இதே மூன்று ஒயர்கள்தான்: பவர், காமன், சிக்னல். மைனஸ் 24 வோல்ட் போகும். தண்டு சரியான இடத்தில் இருந்தால் மைனஸ் பத்து வோல்ட் போலத் திரும்பி வரும். அதிர்வு கூடினால் முதலில் 'உஷார்' விளக்கு, இன்னும் கூடினால் 'ஆபத்து' விளக்கு. ஆபத்து என்றால் பின்பக்கத்து ரிலே எந்திரத்தை நிறுத்தும்.

பாடம் போதும். நண்பர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஒயர் அறுந்துபோச்சுன்னா என்ன சார் வரும்?"

"ஒண்ணும் வராது."

"ஒண்ணும் வரலைன்னா மெஷின் நல்லா இருக்குன்னு அர்த்தமா?"

இதில்தான் விஷயம் இருக்கிறது. சாதாரண ஆள் ஒருவர் வடிவமைத்திருந்தால் பூஜ்யத்துக்கு 'அதிர்வு இல்லை, எல்லாம் நலம்' என்று பொருள் வைத்திருப்பார். மணி அடிக்கவில்லை என்றால் திருடன் வரவில்லை என்று நாம் நினைப்பதைப் போல. இந்த அமைப்பில் அப்படி இல்லை. நலம் என்பது மௌனம் அல்ல. 'நான் இருக்கிறேன், பார்த்துக்கொண்டிருக்கிறேன்' என்று உணரி விடாமல் சொல்லிக்கொண்டிருக்கும் அந்தப் பத்து வோல்ட்தான் நலம். அது நின்றால் 'ஓகே' விளக்கு அணையும். அதற்கென்று தனியாக உள்ள ரிலே கையை விட்டுவிடும். மொத்தப் பெட்டிக்கும் கரன்ட் போனாலும் அதே ரிலே விழும். 'எல்லாம் நலம்' என்பதும் 'எனக்குத் தகவல் இல்லை' என்பதும் வேறு வேறு என்று அந்தப் பெட்டிக்குத் தெரிகிறது. நமக்குத் தெரிவதில்லை. ஆபீஸ் புகார்ப் பெட்டி காலியாக இருந்தால் சந்தோஷப்படுகிறோம். பூட்டுக்குச் சாவியாவது இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணி நம் எல்லோருக்கும் தெரியும். திருவாரூரில் அரண்மனை வாசலில் மணி. கன்றை இழந்த பசு வந்து இழுக்கிறது, மணி அடிக்கிறது, அரசன் வருகிறான். நாம் அரசனின் நியாயத்தைப் பாராட்டிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்கிறோம். எனக்குச் சின்ன வயதிலிருந்தே அந்தக் கயிற்றின் மேல்தான் கவலை. பசு வருவதற்கு முந்தின வாரம் எலி கடித்துக் கயிறு அறுந்திருந்தால்? வாயில்காப்போன் ஒருத்தன் தூக்கம் கெடுகிறதென்று மணியின் நாக்கில் துணி சுற்றியிருந்தால்? பசு இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுப் போயிருக்கும். அரசன் உள்ளே, 'என் நாட்டில் யாருக்கும் குறை இல்லை, மணியே அடிப்பதில்லை பாருங்கள்' என்று மந்திரியிடம் சொல்லிக்கொண்டிருப்பான். பொய் சொல்லமாட்டான். அவனுக்குத் தெரிந்த உண்மை அதுதான். தினம் காலையில் ஒரு ஆளை அனுப்பிக் கயிற்றை இழுத்துப் பார்க்கச் சொல்வது நியாயத்தின் ஒரு பகுதியா, வெறும் மெயின்டனன்ஸா?

நண்பர் சொன்ன ஒரு சம்பவம். ஊர் வேண்டாம். வருஷாந்தரப் பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தியிருக்கிறார்கள். பின்பக்கக் கதவைத் திறந்து ஒவ்வொரு டெர்மினலாகச் சரிபார்த்து வருகிறார். ஒரு கம்ப்ரஸரின் ஆபத்து ரிலேக்குப் போகிற இரண்டு திருகாணிகளுக்கு நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு ஒயர். ஜம்பர் என்பார்கள். வரைபடத்தில் கிடையாது. அது இருக்கிறவரை ரிலே என்ன கத்தினாலும் எந்திரம் நிற்காது. முன்பக்கத்தில் வழக்கம்போல் பச்சை. பாவம், பெட்டிக்கே தன் கை கட்டப்பட்டிருப்பது தெரியாது. ஒயர் மேல் படிந்திருந்த தூசியைப் பார்த்தால் பல மாசம் ஆகியிருக்க வேண்டும் என்றார்.

"அத்தனை மாசமா ஒண்ணும் ஆகலையே?" என்றேன்.

"ஆகலை சார். அதான் பயமா இருந்துச்சு."

இந்தப் பதிலை நான் சில நாள் யோசித்தேன். ஒன்றும் ஆகவில்லை என்றால் தப்பு என்ன? அந்த ஜம்பரைப் போட்டவர் யாரையும் கொல்லவில்லை. உற்பத்தி நின்றிருக்கும், நிற்காமல் காப்பாற்றினார். நன்மை விளையுமானால் பொய்க்குக்கூட உண்மையின் அந்தஸ்து உண்டு என்று வள்ளுவரே வாய்மை அதிகாரத்தில் ஒரு சலுகை கொடுத்திருக்கிறார் (இந்தச் சலுகையை நாம் உபயோகித்த அளவுக்கு அதே அதிகாரத்தில் உள்ள மற்றவற்றை உபயோகித்ததில்லை). ஆனால் வள்ளுவர் குற்றமில்லாத நன்மை என்றல்லவா நிபந்தனை போட்டிருக்கிறார். இங்கே நன்மை கம்பெனிக்கு. அபாயம் யாருக்கு? கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் எண்ணெய் துடைத்துக்கொண்டிருந்தவருக்கு. அவரிடம் யாரும் கேட்கவில்லை. 'இங்கே காவல் இருக்கிறது' என்று நம்பித்தான் அவர் அங்கே குனிந்திருக்கிறார். அவர் செத்திருந்தால்தான் அது தப்பு என்பது சரியாகப் படவில்லை. அந்த நம்பிக்கையை அவருக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்ட அன்றே தப்பு நடந்து முடிந்துவிட்டது.

சரி, ஜம்பர் போட்டவர் வில்லனா? நண்பர் தலையாட்டி மறுத்தார். அவர் போட்ட கணக்கு வேறு. அந்த உணரி ராத்திரிகளில் காரணமில்லாமல் 'ஆபத்து' என்று அலறிக்கொண்டிருந்திருக்கிறது. பக்கத்தில் வெல்டிங் செய்தால் அலறும். யாராவது வாக்கி டாக்கியில் பேசினால் அலறும். ஏன்? சிக்னல் ஒயருக்கு மேலே போர்வை மாதிரி ஒரு உலோகப் பின்னல் இருக்கும். வெளி இரைச்சலைத் தடுக்க. அதை ஒரு முனையில் மட்டும்தான் பூமியோடு இணைக்க வேண்டும். இரண்டு முனையிலும் இணைத்தால், பூமி எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லாததால், அந்தப் பின்னலிலேயே கரன்ட் ஓட ஆரம்பித்துவிடும். காக்க வந்தது கலகம் செய்யும். ஆலை கட்டும்போது கான்ட்ராக்டரின் ஆள் இரண்டு பக்கமும் இணைத்துவிட்டுப் போயிருக்கிறார். நல்ல எண்ணத்தில்கூட இருக்கலாம், இரண்டு முடிச்சு ஒரு முடிச்சைவிட உறுதிதானே. ஆனால் நண்பர் சொன்ன காரணம் இன்னும் எளிமையானது. "ஒரு பாயின்ட்டுக்கு இவ்வளவுன்னு கூலி சார். ஒரு நாளைக்கு எத்தினி பாயின்ட் முடிச்சேங்கிறதுதான் கணக்கு. படத்தைப் பிரிச்சுப் பாக்கிறதுக்கு யாரு கூலி தருவா?"

ஆக, ஜம்பருக்கு அப்பன் பொய் அலாரம். பொய் அலாரத்துக்கு அப்பன் அவசர ஒயரிங். அதற்கும் மேலே போனால் டெண்டரில் குறைந்த தொகை கேட்டவருக்குக் கையெழுத்துப் போட்டவர் வருவார். 'புலி வருது' கதையில் நாம் பையனைத் திட்டுகிறோம், ஊராரை மன்னித்துவிடுகிறோம். பையன் இடத்தில் ஒரு எந்திரம் இருக்கும்போது யாரைத் திட்டுவது என்று தெரியாமல் ஊராரைப் பிடித்துக்கொள்கிறோம்.

மெக்ஸிகோ வளைகுடாவில் 2010 ஏப்ரல் 20 ராத்திரி 'டீப்வாட்டர் ஹொரைஸன்' எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்துப் பதினோரு பேர் இறந்தார்கள். அதில் எலெக்ட்ரானிக்ஸ் தலைமை டெக்னீஷியனாக இருந்த மைக் வில்லியம்ஸ் அந்த ஜூலையில் விசாரணையில் சாட்சி சொன்னார். மேடை முழுவதும் ஒலிக்க வேண்டிய பொது அலாரம் தானாக ஒலிக்காதபடி தடுத்து வைக்கப்பட்டிருந்தது. உணரிகள் வேலை செய்தன, பேனலில் விளக்கு எரியும், ஊதல் மட்டும் ஊதாது. காரணம், பொய் அலாரத்தால் ராத்திரி மூன்று மணிக்கு எல்லோரையும் எழுப்ப விரும்பவில்லை. தூக்கம் கெடக்கூடாதே என்ற அக்கறை. மணியின் நாக்கில் சுற்றின துணி.

இன்னொன்று, 2009 ஆகஸ்ட் 17, சைபீரியாவில் யெனிசெய் நதி மேல் உள்ள சயானோ-ஷுஷென்ஸ்கயா நீர்மின் நிலையம். இரண்டாம் நம்பர் டர்பைனின் மூடியைப் பிடித்திருந்த போல்ட்டுகள் நாள்பட்ட அதிர்வில் களைத்துப்போய் அறுந்தன. ஆயிரம் டன்னுக்கு மேல் எடையுள்ள சுழலும் பாகம் மேலே கிளம்பியது. நதி உள்ளே புகுந்தது. 75 பேர் இறந்தார்கள். விசாரணை அறிக்கையில் இரண்டு தகவல்கள் உண்டு. டர்பைன் பேரிங் அதிர்வு கடைசி நிமிஷங்களில் 600 மைக்ரானிலிருந்து 840க்கு ஏறியதாகப் பதிவாகியிருந்தது. அனுமதித்த அளவு 160. இரண்டாவது, அதே வருஷம் அந்த டர்பைனுக்கு நிரந்தர அதிர்வுக் கண்காணிப்புக் கருவி பொருத்தியிருந்தார்கள், ஆனால் அதை முறைப்படி இயக்கத்துக்குக் கொண்டுவரவில்லை, அது சொன்னதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பிற்பாடு, அந்த 840 காட்டிய உணரியே நம்பத் தகுந்ததுதானா என்று நிபுணர்கள் சண்டை போட்டார்கள். 75 பேர் செத்த பிறகும், சாட்சி சொன்னது நிஜமா பொய்யா என்று தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை. நம்ப முடியாத சாட்சியை வைத்துக்கொண்டிருப்பது சாட்சியே இல்லாமல் இருப்பதைவிட மேலா கீழா? கீழ் என்றே நினைக்கிறேன். சாட்சி இல்லாதபோது பயமாவது இருக்கும்.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். பெரிய டர்பைனைச் சும்மா சும்மா நிறுத்த முடியாது. நிறுத்தினால் திரும்பக் கிளப்ப மணிக்கணக்கில் ஆகும். சூடாகி ஆறி மறுபடி சூடாகும் ஒவ்வொரு தடவையும் உலோகத்தின் ஆயுள் கொஞ்சம் தேயும். உணரி கெட்டுப்போனது உறுதியாகத் தெரிந்தால், புதுசு வருகிறவரைக்கும் அதை விலக்கிவைத்துவிட்டு ஓட்டுவது நியாயம்தான். அதனால்தான் இந்தப் பெட்டிகளிலேயே அதிகாரபூர்வமாக ஒரு 'பைபாஸ்' வைத்திருக்கிறார்கள். அதைப் போட்டால் முன்பக்கத்தில் ஒரு விளக்கு எரியும். நல்ல ஆலைகளில் ஒரு ரெஜிஸ்டரும் இருக்கும். யார் சொல்லி, யார் போட்டார், எத்தனை மணிக்கு, எதுவரை.

மின்சாரத்தைக் கேட்டால் ஜம்பரும் பைபாஸும் ஒன்றுதான் என்று சொல்லும். ஆனால் வித்தியாசம் உண்டு, அதுவும் வெறும் ஒழுக்க வித்தியாசம் இல்லை. தண்டு முன்பின்னாக நகர்வதைப் பார்க்க இரண்டு உணரிகள் வைப்பது வழக்கம். இரண்டும் சேர்ந்து ஆபத்து என்றால்தான் எந்திரம் நிற்கும். பஞ்சாயத்தில் இரண்டு சாட்சி கேட்பது மாதிரி. ஒன்றை முறைப்படி பைபாஸ் செய்தால், மிச்சம் இருக்கும் ஒரே சாட்சியின் வார்த்தையை வைத்தே தீர்ப்புச் சொல்லும்படி பெட்டியை அமைக்கலாம். அதற்கு உண்மை தெரியும், அதற்கேற்ப ஜாக்கிரதையாகிறது. மாறாக, கெட்டுப்போன உணரியைக் கழற்றிவிட்டு அந்த டெர்மினலில் எங்கிருந்தோ ஒரு போலி பத்து வோல்ட்டைக் கொடுத்து 'ஓகே' விளக்கை எரிய வைக்கும் வித்தையும் உண்டு. அப்போது பெட்டி, இரண்டு சாட்சிகளும் உயிரோடு இருப்பதாகவே நம்பும். நல்ல உணரி எவ்வளவு அலறினாலும், இன்னொருவர் அமைதியாக இருக்கிறாரே என்று காத்திருக்கும். காவல் இல்லை என்று சொல்லிவிட்டுக் காவலை எடுத்தால் மற்றவர்கள் விழித்திருப்பார்கள். பொம்மைக் காவலாளியை நிறுத்திவிட்டுப் போனால் விழித்திருப்பவனும் தூங்கப் போவான்.

இதெல்லாம் தெரிந்தே செய்வது. தெரியாமல் செய்வது?

2023 ஜூன் 2 மாலை ஏழு மணிக்குச் சற்று முன், ஒடிஸாவில் பாலசோர் மாவட்டத்துப் பகாநாகா பஜார் ஸ்டேஷனில் சென்னை வரவேண்டிய கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு நேர்வழியில் போக பச்சை சிக்னல். தண்டவாளம் மட்டும் லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. அங்கே நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதி, தடம் புரண்ட பெட்டிகள் எதிரே வந்த பெங்களூரு–ஹவுரா ரயிலோடு இடித்து, 290 பேருக்கு மேல் இறந்தார்கள். ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை கைகாட்டியது எந்த டிரைவரையும் அல்ல. முன்பு நடந்த ஒயரிங் மாற்றத்தில் தவறு. லெவல் கிராஸிங் பக்கத்துப் பெட்டிக்குள் ஒயர்களின் லேபிள்கள் தப்பாக இருந்தன. அது பல வருஷங்கள் யார் கண்ணிலும் படவில்லை. அன்றைக்கு கேட்டின் தடுப்புக் கம்பத்தை மாற்றும் வேலை நடந்தபோது, அந்த லேபிளை நம்பி ஒயரை இணைத்தார்கள்.

தப்பான லேபிள் பொய்யா? பொய்க்கு ஏமாற்றும் எண்ணம் வேண்டும் என்பார்கள். அந்த லேபிளை ஒட்டியவருக்கு அப்படி எதுவும் இருந்திருக்காது. ஆனால் லேபிள் என்பது என்ன? எழுதுகிறவர் தனக்காக எழுதுவதில்லை, எந்த ஒயர் எது என்று அவருக்கே தெரியும். என்றைக்கோ ஒரு நாள் டார்ச் வெளிச்சத்தில், அவசரத்தில், முகம் தெரியாத ஒருவர் வந்து படிப்பார் என்று எழுதுவது. படிப்பவருக்குக் கேட்டுச் சரிபார்க்க வழி கிடையாது, எழுதினவர் டிரான்ஸ்ஃபரில் போயிருப்பார் அல்லது போய்ச் சேர்ந்திருப்பார். அப்படிப்பட்ட இடத்தில் கவனக்குறைவு என்ற வார்த்தை எனக்கு ரொம்ப மிருதுவாகப் படுகிறது. சரியான வார்த்தை தமிழில் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

அறிக்கையில் இன்னொரு குறிப்பும் உண்டு. அதற்கு ஒரு வருஷம் முன்பு, 2022 மே 16ல், அதே தென்கிழக்கு ரயில்வேயின் காரக்பூர் கோட்டத்தில் வேறொரு ஸ்டேஷனில் தவறான ஒயரிங்காலும் கேபிள் பழுதாலும் இதே மாதிரி ஒன்று நடந்திருக்கிறது. உயிர்ச்சேதம் இல்லை. அப்போதே சரிசெய்திருந்தால் இது நடந்திருக்காது என்கிறது அறிக்கை. ஒன்றும் ஆகலை சார், அதான் பயமா இருந்துச்சு என்று சொல்ல அங்கே ஒருவர் இல்லை போலிருக்கிறது.

2023 ஜூலையில் சி.பி.ஐ. மூன்று பேரைக் கைது செய்தது. ஒரு சீனியர் செக்ஷன் இன்ஜினீயர், ஒரு செக்ஷன் இன்ஜினீயர், ஒரு டெக்னீஷியன். மூவருமே பின்பக்கத்துக்காரர்கள். குற்றம் யாருடையது என்று கோர்ட் சொல்லட்டும். அந்தச் செய்தி பேப்பரில் வந்தபோது நோணாங்குப்பத்துக்காரர் என்னிடம் கேட்டது வேறு கேள்வி.

"அந்த வேலையை முடிக்க அவங்களுக்கு எத்தினி மணி நேரம் சார் குடுத்தாங்க?"